முழுப் பாம்பா, தலை மட்டுமா? – ஒரு கிரிஸ் கத்தியின் அடையாளச் சிக்கல்

நாக்பூருக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து ஊர்ப்பக்கம் உறவுக்காரர்கள் கேட்கிற முதல் கேள்வி, "அங்கே பாம்பு ஜாஸ்தியோ?" என்பதுதான். ஊருக்குப் பெயர் வந்தது நாக் நதியால். இப்போது அந்த நதி இருக்கிற நிலையில் பாம்பே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவிடும். ஆனால் இன்றைக்கு எழுதப் போவது இந்த நாகத்தைப் பற்றி இல்லை. ஜாவாவில் இரும்பில் அடித்து வைத்த நாகங்களைப் பற்றி.

2020 மார்ச் மாதம் நெதர்லாந்து அரசு ஒரு கத்தியை இந்தோனேசியாவிடம் திருப்பிக் கொடுத்தது. ஜாவாவின் மாபெரும் வீரரான இளவரசர் திபோநெகோரோவின் கிரிஸ் கத்தி. ஏறக்குறைய 190 வருடம் அந்நிய மண்ணில் கிடந்தது. டச்சு மன்னர் வில்லெம் அலெக்சாண்டர் அரசுமுறைப் பயணமாக வந்தபோது, அன்றைய அதிபர் ஜோகோ விதோதோவோடு நின்று அதைப் பார்க்கிற படங்கள் எல்லாப் பத்திரிகையிலும் வந்தன. அதற்குள்ளேயே இந்தோனேசியாவில் கிரிஸ் தெரிந்த சிலர் கேட்க ஆரம்பித்தார்கள்: "இது நிஜமாகவே அந்தக் கத்திதானா? கத்தியில் இருக்கிற பாம்பு சரியில்லையே!"

நகைக் கடன் கொடுக்கிற வங்கியில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தக் கேள்வி சட்டென்று புரியும். பதிவேட்டில் "கல் வைத்த அட்டிகை ஒன்று" என்று இருக்கிறது. பையைப் பிரித்தால் கல் இல்லாத அட்டிகை வருகிறது. அந்த நிமிஷம் வயிற்றில் ஒரு பிசைவு வருமே, அதேதான். இங்கே அட்டிகைக்குப் பதில் நாகம்.

விஷயம் புரிய வேண்டுமானால் கிரிஸ் என்றால் என்ன என்று கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். ஜாவா, பாலி, சுமத்ரா, சுலாவெசி, மலாய் தீபகற்பம், தென் தாய்லாந்து, தென் பிலிப்பைன்ஸ் என்று பரவிக் கிடக்கிற குறுவாள் இது. இருபக்கமும் கூர். அடிப்பாகம் ஒரு பக்கம் அகலமாகத் துருத்திக்கொண்டு, கோணலாக இருக்கும். அந்த அடியில் தனியாக ஒரு இரும்புத் துண்டு குறுக்கே பொருத்தியிருக்கும். அதற்கு ஜாவாக்காரர்கள் வைத்த பெயர் கஞ்சா (போலீஸ் பிடிக்காது, பயப்பட வேண்டாம்). அலகு நேராகவும் இருக்கலாம், அலை அலையாகவும் இருக்கலாம். ஒவ்வொரு அலை வளைவுக்கும் பெயர் 'லுக்'. எண்ணிக்கை எப்போதும் ஒற்றைப்படைதான்: 3, 5, 7, 9, 11, 13. மொய் எழுதும்போது 100-க்கு மேல் ஒரு ரூபாய் சேர்க்கிற நம் ஆட்களுக்கு ஒற்றைப்படையின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

யுனெஸ்கோ 2005-இல் இந்தோனேசிய கிரிஸை மனிதகுலத்தின் பாரம்பரியச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது. அது செய்யப்படுகிற விதத்தைப் படித்தால் ஏன் என்று தெரியும். சாதா இரும்பையும் நிக்கல் கலந்த இரும்பையும் அடுக்கி, காய்ச்சி, அடித்து, மடித்து, மறுபடி அடித்து ஒன்றாக்குவார்கள். பிறகு எலுமிச்சைச் சாறும் பாஷாணமும் சேர்த்துப் பூசினால் சாதா இரும்பு கறுத்துப்போகும்; நிக்கல் உள்ள இடம் வெள்ளியாக மின்னும். அப்படித் தெரிகிற கோலத்துக்குப் பெயர் 'பமோர்'. சிந்திய அரிசி, தங்க மழை என்றெல்லாம் கோலங்களுக்குப் பெயர் உண்டு. நிக்கல் இரும்பு சுலாவெசியின் லுவு பகுதியிலிருந்து வந்தது. பிரம்பனான் கோயில் பக்கம் விழுந்த ஒரு விண்கல்லிலிருந்தும் எடுத்தார்கள். அந்தக் கல்லின் பெரிய துண்டை 1797-இல் சூரகர்த்தா அரண்மனைக்குக் கொண்டுபோனார்கள்.

இதைச் செய்கிற கொல்லருக்கு 'எம்பு' என்று மரியாதைப் பட்டம். லாவு மலைச் சரிவில் இருக்கிற 15-ஆம் நூற்றாண்டு சுகுஹ் கோயிலில் ஒரு புடைப்புச் சிற்பம் இருக்கிறது. ஒரு பக்கம் பீமன் உட்கார்ந்து ஆயுதம் அடிக்கிறான். மறுபக்கம் அர்ஜுனன் துருத்தி ஊதுகிறான். நடுவில் நம்ம பிள்ளையார் ஆடிக்கொண்டிருக்கிறார். பட்டறை வேலைக்கு பாண்டவர்களே வந்துவிட்டார்கள் என்றால் அந்தத் தொழிலுக்கு எவ்வளவு மதிப்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி பாம்பு.

நேர் கிரிஸ் என்றால் தவத்தில் இருக்கும் நாகம், அலை கிரிஸ் என்றால் ஓடுகிற நாகம் என்று ஜாவாவில் சொல்வார்கள். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் இந்த விளக்கம் கத்திக்குப் பிறகு வந்தது என்றுதான் நினைக்கிறேன். 9-ஆம் நூற்றாண்டு போரோபுதூர் சிற்பங்களில் இருக்கிற குறுவாள்கள் நேரானவை. அலை பிறகு வந்தது. எதுவாக இருந்தாலும், ஜாவாக்காரர் கண்ணுக்கு ஒவ்வொரு கிரிஸும் ஒரு நாகம்தான். சிலவற்றில் அந்த நாகம் வெளியே வந்து முகம் காட்டுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

முகம் காட்டுகிற நாகங்களில் இரண்டு வகை முக்கியம். முதலாவது நாகசஸ்ரா. 'சஸ்ரா' என்பது நம் சஹஸ்ரம், ஆயிரம். அலகின் அடியில் தலை. தலையில் நிழற்கூத்து ராஜாக்கள் வைத்துக்கொள்கிற மாதிரி கிரீடம். உடம்பு செதில் செதிலாக ஒவ்வொரு வளைவிலும் வளைந்து, நுனி வரைக்கும் ஓடும். செல்வாக்குள்ளவர்களின் கத்தி என்றால் செதில்களில் தங்கம் பதித்திருக்கும். 13 வளைவு உள்ளவை பெயர் பெற்றவை. இந்தப் பெயருக்கு இருக்கிற மவுசு எப்படி என்றால், காணாமல்போன நாகசஸ்ரா கிரிஸைத் தேடி அலைகிற ஒரு சரித்திரத் தொடர்கதையை 1960-களில் எஸ்.எச். மிந்தார்ஜா என்பவர் எழுதினார். நம் வீட்டுப் பெரியவர்கள் கல்கியின் தொடர்களைக் கிழித்து பைண்டு பண்ணி வைத்தது போல ஜாவாவில் அதற்கு ஒரு தலைமுறையே அடிமை.

இரண்டாவது நாக சிலுமன். 'சிலுமன்' என்றால் நினைத்தபோது மறைந்துவிடுகிற மாய உயிர். இதிலும் அடியில் தலை உண்டு. ஆனால் கழுத்துக்கு மேல் உடம்பைக் காணோம்! இரும்புக்குள் புகுந்துவிட்டது. பார்க்கிறவருக்குத் தெரிவது தலையும் அலகும்தான். உடம்பு உள்ளே இருக்கிறது என்று நம்பிக்கொள்ள வேண்டியது.

எனக்கு இந்த இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. ஆயிரம் செதில் செதுக்குவது கைத்திறமை. தலையை மட்டும் செய்துவிட்டு மீதியை மறைப்பதற்கு வேறு ஒரு தைரியம் வேண்டும்.

ஜாவாவை விட்டு வெளியே போனால் இந்தப் பாம்பு எவ்வளவு தெரியலாம் என்பதில் ஆளுக்கு ஒரு அபிப்பிராயம். பாலியில் தாராளம். அங்கே வாசுகிதான் பாசுகி, அனந்தன்தான் அனந்தபோகா. உலகத்தைச் சுமக்கிற ஆமையைச் சுற்றி இவர்கள் இரண்டு பேரும் பிணைந்திருப்பதை அங்கே சிற்பங்களில் பார்க்கலாம். பாலி கிரிஸ் ஜாவாவுடையதைவிட நீளம். அலகை வழவழவென்று தேய்த்து வைப்பார்கள். நாகம் இருந்தால் பொன் பூசிப் பளபளக்கும். பிடியில் ராட்சசனோ தேவனோ கல் பதித்து உட்கார்ந்திருப்பார். 210 நாளுக்கு ஒருமுறை தும்பெக் லன்தெப் என்று ஆயுதங்களுக்குப் பூஜை நடக்கிறது. இப்போதெல்லாம் கிரிஸோடு காரையும் பைக்கையும் நிறுத்திப் படையல் போடுகிறார்களாம். ஆயுத பூஜைக்கு ஸ்கூட்டர் சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைக்கிற நமக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

மலாய் பக்கம் வந்தால் நேர் எதிர். இஸ்லாம் வந்த பிறகு உருவங்கள் கலைந்து கோடுகளாகிவிட்டன. நாகத்தை முழுதாகச் செதுக்கிய அலகுகள் குறைவு. அலை மட்டும் தங்கிவிட்டது. பிடியில் முன்பு மனித உருவமாக இருந்தது, குளிரில் குறுகி உட்கார்ந்த மாதிரி ஒரு வளைவாகிவிட்டது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'ஜாவா டெமாம்', அதாவது ஜுரம் வந்த ஜாவாக்காரர்! அலகின் அடியில் சுருண்டு நீட்டிக்கொண்டிருக்கிற சின்னக் கொக்கியை ஜாவாவில் 'அவரைப் பூ' என்பார்கள். மலாய்க்காரர்கள் அதையே 'யானைத் தும்பிக்கை' என்கிறார்கள். நாக வகைக் கத்திகளில் பாம்பின் தலை வந்து உட்காருவதும் இதே அடிப்பாகத்தில்தான். ஒரே இடத்தில் ஒருவருக்குப் பூ, ஒருவருக்கு யானை, ஒருவருக்குப் பாம்பு.

மலேசியாவில் சொந்தக்காரர்கள் இருக்கிறவர்கள் வீட்டில் பழைய ஒரு ரிங்கிட் நாணயம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். 1989-இல் வந்த அந்த நாணயத்தில் இருப்பது கிரிஸ்தான். கள்ள நாணயம் பெருகியதால் 2005 டிசம்பரில் அதைச் செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். (நோட்டு செல்லாது என்ற அறிவிப்பு எங்கே வந்தாலும் 2016 நவம்பரைத் தாண்டிய வங்கிக்காரர்களுக்குக் கை நடுங்கும். விடுங்கள்.)

தென் பிலிப்பைன்ஸில் சூலு, மிந்தனாவோ பக்கம் இது குறுவாளாக இல்லை, வாளாகவே வளர்ந்துவிட்டது. பெயர் கலிஸ். வெட்டுவதற்கான ஆயுதம். அதனால் பல வாள்களில் அலை பாதி தூரம்தான்; நுனிப்பக்கம் நேராகிவிடும். பிடியின் கொண்டை கொண்டைக்கிளி மாதிரி. அடிப்பாகத்தில் இருக்கிற வெட்டைச் சிலர் வாய் பிளந்த நாகம் என்கிறார்கள், சிலர் யானை என்கிறார்கள். மரானாவோ மக்களின் மரச் செதுக்கலில் நாகம் இன்றும் பிரதான உருவம். அவர்கள் வீட்டு உத்தரத்தில் துணிந்து நெளிகிற நாகம், வாள் அலகில் வெட்கப்பட்டு ஒளிந்துகொள்கிறது.

ஆக, ஒரு கிரிஸில் பாம்பு எவ்வளவு தெரிகிறது என்பது வெறும் அலங்காரக் கணக்கு இல்லை. எந்த ஊர், எந்த வகை, என்ன பெயர் என்று சொல்லிவிடுகிற அடையாளச் சீட்டு. அதனால்தான் 2020-இல் அந்தக் கேள்வி எழுந்தது.

திபோநெகோரோ 1785-இல் யோக்யகர்த்தா அரண்மனையில் பிறந்தவர். மூன்றாம் ஹமெங்குபுவோனோ சுல்தானின் மூத்த மகன். அந்த அரண்மனை வாசலிலேயே இரண்டு நாகங்கள் வால் பின்னிக் கிடக்கின்றன. அது ஒரு வருடக் கணக்கு! 'த்வி நாக ரச துங்கல்' என்று படிக்க வேண்டும். த்வி 2, நாகம் 8, ரசம் 6, துங்கல் என்றால் ஒன்று. தலைகீழாகப் படித்தால் 1682 ஜாவா ஆண்டு, அதாவது கி.பி. 1756, அரண்மனையில் குடிபுகுந்த வருடம். நாகத்துக்கு எட்டு ஏன்? அஷ்ட நாகங்கள். ரசத்துக்கு ஆறு ஏன்? அறுசுவை. நம் பழைய சோதிடச் சுவடிகளில் இதே மாதிரி சொற்களால் எண் எழுதுகிற வழக்கம் உண்டு. சமஸ்கிருதத்தோடு கப்பலேறிப் போன கணக்கு, அங்கே வாசலில் பாம்பாகப் படுத்திருக்கிறது.

1825-இல் டச்சுக்காரர்கள் அவருடைய நிலத்தின் வழியாகச் சாலை போடுவதற்கு முளை அடித்ததில் ஜாவாப் போர் வெடித்தது. காரணங்கள் அதற்கு முன்பே குவிந்திருந்தன: சுங்கச் சாவடிகள், நிலக் குத்தகை, அரண்மனைக்குள் அந்நியர் தலையீடு. ஐந்து வருடத்தில் சுமார் 2 லட்சம் ஜாவாக்காரர்கள் செத்தார்கள். 1830 மார்ச் 28-ஆம் தேதி மகெலாங்கில் பேச்சுவார்த்தை என்று வரவழைத்து ஜெனரல் தெ கோக் அவரைக் கைது செய்தார். மனாடோவுக்கும் பிறகு மகாசாருக்கும் நாடு கடத்தினார்கள். 1855-இல் அங்கேயே இறந்தார்.

அவருடைய கிரிஸ் கர்னல் கிளீரன்ஸ் என்ற டச்சு அதிகாரி கைக்குப் போய், அவர் அதை 1831-இல் மன்னர் முதலாம் வில்லெமுக்குக் கொடுத்தார். மன்னரின் அரும்பொருள் கூடத்தில் வைத்தார்கள். 1883-இல் அந்தக் கூடத்தைக் கலைத்துப் பொருள்களைப் பிரித்தபோது கத்தி லைடன் அருங்காட்சியகத்துக்குப் போனது. கத்தி போனது, அது யாருடையது என்கிற விவரம் கூடப் போகவில்லை. நூற்றுக்கணக்கான கிரிஸ்களில் ஒன்றாகிவிட்டது. கிளை மாற்றும்போது பெட்டகம் வந்து பதிவேடு வராமல்போன கதை.

1980-களிலிருந்தே தேடினார்கள். துப்புக் கொடுத்தது காகிதங்கள். அவற்றில் ஒன்று திபோநெகோரோவின் தளபதியாக இருந்த சென்டோட் 1830 மே மாதம் எழுதியது: நாக சிலுமன் என்ற கிரிஸை இளவரசர் கிளீரன்ஸுக்குக் கொடுத்ததைத் தான் பார்த்ததாகச் சொல்கிறார். அதே தாளில் ராடன் சாலே கைப்பட எழுதிய குறிப்பும் இருக்கிறது. ஜாவாவிலிருந்து ஐரோப்பாவுக்கு ஓவியம் படிக்கப் போன அதே ராடன் சாலே. பின்னால் 1857-இல் திபோநெகோரோ கைதாகும் காட்சியை வரைந்தவர். நாகம் என்றால் என்ன, சிலுமன் என்றால் மறைந்துவிடும் சக்தி என்று டச்சுக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி விளக்கியிருந்தார்.

"கொடுத்தார்" என்கிற சொல்லில் எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. போரில் தோற்கிற நிலையில், எதிரி அதிகாரியோடு பேச்சு நடக்கிற நேரத்தில் கொடுத்தது என்ன வகைக் கொடுத்தல்? கடன் பத்திரங்களில் "எவ்வித வற்புறுத்தலுமின்றி சுய சம்மதத்தில்" என்று ஒரு வரி வரும். அதைப் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறவர்களை தினமும் பார்க்கிறேன்.

கடைசியில் லைடனில் இருந்த ஒரு கிரிஸை இதுதான் என்று முடிவு செய்தார்கள். காஜா மாடா பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் ஸ்ரீ மார்கானாவும் பார்த்து உறுதி செய்தார். பதினொரு வளைவு, அலகில் நாகம், தங்கப் பூச்சின் மிச்சம் அங்கங்கே. படம் வெளியானதும்தான் வம்பு. நாகத்துக்கு உடம்பு இருக்கிறது! உடம்போடு இருந்தால் அது நாகசஸ்ரா ஆயிற்றே, எப்படி சிலுமன் ஆகும்? காகிதத்தில் மறைகிற பாம்பு, கையில் மறையாத பாம்பு.

இதற்குச் சொல்லப்படும் பதில் எனக்கு ஓரளவு திருப்தியாக இருக்கிறது. கிரிஸுக்கு இரண்டு பெயர் உண்டு. ஒன்று வடிவத்தின் பெயர். இன்னொன்று அந்தக் குறிப்பிட்ட கத்திக்கே உரிய பெயர், முன்னால் 'கியாய்' என்று மரியாதை அடைமொழியோடு. ஐயா என்று கூப்பிடுகிற மாதிரி. திபோநெகோரோவினுடையது கியாய் நாக சிலுமன். அது அந்த ஐயாவின் சொந்தப் பெயராக இருந்தால், வடிவம் வேறாக இருப்பதில் தப்பில்லை. பெரியசாமி என்று பெயர் இருக்கிறவர் அஞ்சடி உயரம் இருப்பதில்லையா?

ஆனால் சந்தேகப்பட்டவர்களை நான் விதண்டாவாதம் செய்கிறவர்கள் என்று சொல்ல மாட்டேன். வடிவத்தின் பெயரையே கத்திக்கும் வைப்பது ஜாவாவில் சாதாரணம். அதோடு 1883-க்குப் பிறகு பொருளும் விவரமும் பிரிந்து ஒரு நூற்றாண்டு ஓடியிருக்கிறது. ஒரு இடைவெளி இருந்தால் தணிக்கைக்காரர் அங்கேதான் விரலை வைப்பார், வைக்கவும் வேண்டும். என் கணிப்பில் காகிதங்களின் பக்கம் எடை அதிகம். சென்டோட் தன் தலைவரின் கத்தியைத் தெரியாமல் பெயர் எழுதியிருக்க மாட்டார். இன்னொன்று: தவறு இருந்தால் அது கத்தியைப் பிடுங்கியவர்கள் கணக்கு வைக்காததால் வந்த தவறு. வாங்கிக்கொண்டவர்களைக் கேள்வி கேட்டுப் பிரயோஜனம் இல்லை.

திபோநெகோரோவின் கைத்தடி 2015-இல் ஜகார்த்தாவுக்கு வந்துவிட்டது. அவருடைய சேணம், ஈட்டி, குடை எல்லாம் 1970-களிலேயே வந்தாகிவிட்டது. கிரிஸ் இப்போது ஜகார்த்தா தேசிய அருங்காட்சியகத்தின் பொறுப்பில். 2023 ஜூலையில் நெதர்லாந்து ஒரேயடியாக 478 பொருள்களைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. லொம்போக் அரண்மனைப் புதையல், சிங்கசாரி சிலைகள் இவற்றோடு அந்தப் பட்டியலில் பாலியின் க்ளுங்குங் அரசவம்சத்து கிரிஸ் ஒன்றும் இருக்கிறது. 1908-இல் அந்த அரசர் குடும்பத்தோடும் பரிவாரத்தோடும் வெள்ளை உடுத்தி டச்சுத் துப்பாக்கிகளுக்கு நேரே நடந்து போய்ச் செத்தார். அது தனியாக எழுத வேண்டிய விஷயம். மாத முடிவுக் கணக்கு முடியட்டும், எழுதுகிறேன்.